'பிரீட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'இனம்' என்னும் தமிழ் நிகரும்

'பிரீட்' என்பது உயிர்களின் ஈற்றையும் வளர்ப்பையும் வழித்தோன்றலையும் ஒருசேரக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அது வினையாகவும் பெயராகவும் வழங்குகிறது. தமிழ்ப் பாடநூல்களிலும் அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் அதற்கு நிகராகப் பெரும்பாலும் 'இனம்', 'இனப்பெருக்கம்' என்னும் இரு சொற்களே எழுதப்படுகின்றன. இந்த நிகர்கள் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருளைக் குறைத்துவிடுகின்றன என்பதை மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மாட்டினப் பாதுகாப்பும் ஜல்லிக்கட்டுச் சட்டமும் பேசப்படும் நிலம் இது. ஆகவே இங்கு ஒரு சொல்லின் பொருள் அகராதியோடு நின்றுவிடுவதில்லை.

சொல்லின் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவினை, பறவை தன் குஞ்சுகளைப் பொரித்து, சூடு கொடுத்துக் காப்பதைக் குறித்தது. அடைகாத்தலைக் குறிக்கும் 'புரூட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. எனவே தொடக்கத்திலேயே இச்சொல்லில் இரண்டு செயல்கள் இருந்தன: பிறப்பித்தல் ஒன்று, பேணி வளர்த்தல் மற்றொன்று. அடைகாக்கும் கோழியிடம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஒரே பெற்றோர் வழியில் வந்த விலங்குத்தொகுதி என்ற பெயர்ச்சொற்பொருள் 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், நன்கு வளர்க்கப்பட்ட மனிதரைக் குறிக்கவும் இச்சொல் பயன்பட்டது. நல்ல 'பிரீடிங்' உடையவர் என்றால் நாகரிக நடத்தை உடையவர் என்று பொருள்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் போன்றோர் ஆடுமாடுகளைத் தேர்ந்து இணைசேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினர். 1791இல் பந்தயக் குதிரைகளுக்கும் 1822இல் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கும் வம்சாவளிப் பதிவேடுகள் அச்சாயின. அதன்பின் இச்சொல்லில் பழைய வளர்ப்புப் பொருள் பின்னுக்குச் சென்றது. தாய் யார், தந்தை யார், பதிவேட்டில் பெயர் உண்டா என்பதே முன்னுக்கு வந்தது. 'தூய இனம்' என்று இன்று நாம் சொல்வது பெரிதும் இந்தப் பதிவேட்டு மரபின் கொடை.

மூன்று பொருள்கள்

இன்றைய ஆங்கில வழக்கைத் தொகுத்தால் மூன்று முதன்மைப் பொருள்கள் கிடைக்கின்றன.

முதலாவது, ஈனுதல், உயிரைப் பிறப்பித்தல், பெருகுதல். இரண்டாவது, வளர்த்தல், விலங்கையோ பயிரையோ மனிதரையோ ஒரு நோக்கத்தோடு பேணி உருவாக்குதல். மூன்றாவது, வகை, அவ்வாறு உருவாகிப் பிறவற்றிலிருந்து பிரித்தறியத்தக்க தொகுதி.

இவற்றுக்கு மேல் உருவகப் பொருளும் உண்டு. வறுமை நோயைப் 'பிரீட்' செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் அதை 'இனப்பெருக்கம் செய்கிறது' என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். 'வளர்க்கிறது' என்றால் போதும். மிகுந்த பழக்கம் இகழ்ச்சியைப் 'பிரீட்' செய்யும் என்ற ஆங்கிலப் பழமொழிக்குத் தமிழில் ஈடு, 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பது. அதில் பிறப்பும் இல்லை, பெருக்கமும் இல்லை.

தமிழில் வழங்கும் சொற்கள்

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் பல சொற்களில் பிரித்து வைத்திருக்கிறது. மாடு கன்று ஈனும். எத்தனையாவது முறை ஈன்றது என்பதற்கு 'ஈத்து' என்று கணக்கு. முதல் முறை 'தலையீத்து'. கருவுற்ற மாடு சினைமாடு. பசுவைக் காளைக்குச் சேர்ப்பர். அதற்கென நிறுத்தப்படும் காளை பொலிகாளை. கால்நடை மருத்துவமனையில் செயற்கை முறையில் கருவூட்டுவதைச் 'சினை ஊசி போடுதல்' என்கிறார்கள். 'செயற்கைமுறைக் கருவூட்டல்' என்ற அலுவலகச் சொல்லைவிட மதுரைப் பக்கத்து ஊர்களில் இதுவே செல்லும்.

வகையைச் சுட்டவும் ஒரே சொல் இல்லை. நெல்லுக்கு 'ரகம்'. ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி வெளியிடும் நெல் 'எம்.டி.யூ.' என்ற எழுத்துகளோடு ரகமாகவே அறியப்படும். யாரும் அதை நெல்லினம் என்பதில்லை. நாய்க்கு வேறு வழக்கு. வம்சம் அறியப்பட்ட நாயைச் 'சாதி நாய்' என்பது பேச்சுமொழி. மல்லிகையிலும் 'சாதிமல்லி' உண்டு. சாதி என்ற சொல் பிறப்பைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. தொல்காப்பிய மரபியல் நீரில் வாழும் உயிர்களைக் குறிக்கவே அதை ஆள்கிறது. மனிதரைப் படிநிலையில் நிறுத்தும் பொருள் இன்று அதில் மேலோங்கிவிட்டது. ஆயினும் நாயிலும் பூவிலும் பழைய பொருள் எஞ்சி நிற்கிறது.

அதே மரபியல், உயிர்களின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தனித்தனியே வகுக்கிறது. இளமைப் பெயர்கள் மட்டும் ஒன்பது. எந்த உயிரின் குட்டிக்கு எந்தப் பெயர் உரியது என்பது அங்கு இலக்கணமாகவே பேசப்படுகிறது. உயிர்களின் பிறப்பையும் வளர்ச்சியையும் நுணுகிப் பார்த்த மொழியில் இன்று எல்லாவற்றுக்கும் 'இனப்பெருக்கம்' ஒன்றே போதும் என்று ஆனது ஏன் என்பதே கேள்வி.

'இனம்' என்னும் சொல்

'இனம்' பழந்தமிழ்ச் சொல். ஆனால் இன்று அது தாங்கும் சுமை புதியது. உயிரியலில் சிற்றினம், கால்நடை அறிவியலில் மாட்டினம், அரசியலில் தமிழினம், மானுடவியலில் மனித இனம், அரசாணையில் செலவினம் என எல்லா இடத்திலும் இதுவே நிற்கிறது. ஆங்கிலத்தில் குறைந்தது ஐந்து தனிச்சொற்களால் சொல்லப்படுவது தமிழில் ஒன்றாகிவிடுகிறது.

பழைய வழக்கில் இச்சொல்லுக்கு இரத்த உறவு மட்டும் பொருளன்று. தமிழ்ப் பேரகராதியின் பணி 1913இல் ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்க மிஷனரியின் பொறுப்பில் மதுரையில் தொடங்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அப்பேரகராதி, வகை, குலம் ஆகிய பொருள்களோடு சுற்றம், தோழமை, மந்தை ஆகியவற்றையும் 'இனம்' என்பதற்குத் தருகிறது. இலக்கணத்தில் ஒலிக்கும் இடத்தால் ஒத்த எழுத்துகள் இனவெழுத்துகள். அவை ஒன்றுக்கொன்று பிறந்தவை அல்ல.

இதற்குத் திருக்குறள் மிகத் தெளிவான சான்று. அதன் 46ஆம் அதிகாரம் 'சிற்றினம் சேராமை'. அங்கே இனம் என்பது ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டம். ஒருவருடைய அறிவும் செயலும் அவர் சேர்ந்த இனத்தால் அமைகின்றன என்பதே அந்த அதிகாரத்தின் வாதம். இன்று பள்ளி உயிரியல் நூலில் 'சிற்றினம்' என்றால் முற்றிலும் பிறப்பால் அமைந்த தொகுதி. ஒரே சொல் ஈராயிரம் ஆண்டுக்குள் சேர்க்கையிலிருந்து பிறப்புக்கு நகர்ந்திருக்கிறது. 'பிரீட்' என்ற ஆங்கிலச் சொல் அடைகாத்தலிலிருந்து பதிவேட்டுக்கு நகர்ந்ததைப் போன்றதே இதுவும்.

ஆகவே குறை 'இனம்' என்ற சொல்லில் இல்லை. அதன் பழைய பாதியை விட்டுவிட்டுப் புதிய பாதியை மட்டும் நாம் பயன்படுத்துவதில் இருக்கிறது. இதன் விளைவை ஒரு மாட்டைக் கொண்டு காணலாம்.

புலிக்குளம் மாடு

புலிக்குளம் மாட்டினத்துக்கு அப்பெயர் சிவகங்கை மாவட்டம் மானாமதுரைப் பகுதியிலுள்ள புலிக்குளம் என்னும் ஊரால் வந்தது. மதுரை, சிவகங்கை மாவட்டங்களிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் இது வளர்க்கப்படுகிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இதைத் தனி இனமாகப் பதிவுசெய்துள்ளது. வளர்ப்போர் இதைக் 'கிடை மாடு' என்றும் 'ஜல்லிக்கட்டு மாடு' என்றும் அழைக்கின்றனர்.

இப்பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று வளர்ப்பு முறையால் வந்தது. மற்றொன்று பயனால் வந்தது. புலிக்குளம் என்பது ஊரால் வந்தது. உருவத்தைச் சுட்டும்போது காரி, மயிலை, செவலை என்று நிறம் சொல்வார்கள். கலித்தொகையின் முல்லைக்கலியிலும் ஏறுகள் நிறத்தாலும் புள்ளியாலும் கொம்பாலுமே அடையாளம் காட்டப்படுகின்றன. இன்று வாடிவாசலில் காளை அவிழ்க்கப்படும்போது அறிவிப்பாளர் சொல்வது ஊரையும் உரிமையாளரையும், கோயில் காளையானால் கோயிலையும். மாட்டை வைத்திருப்பவருடைய வகைப்பாட்டில் வம்சம் ஒரு கூறு மட்டுமே.

கிடை என்பது அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவில் அடைத்துவைக்கும் முறை. சாணமும் கோமியமும் வயலுக்கு உரமாகும். அதற்கு வயற்காரர் நெல்லோ பணமோ தருவார். ஒரு வயல் முடிந்ததும் மந்தை அடுத்த வயலுக்குச் செல்லும். வயல்களில் பயிர் நிற்கும் காலத்தில் மலையடிவாரத்துக்கும் காட்டுக்கும் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வார்கள். இப்படி நாள்தோறும் நடந்து, கிடைத்ததை மேய்ந்து, திறந்த வெளியில் கிடந்து வாழ முடிந்த மாடுதான் மந்தையில் நிலைத்தது. மந்தைக்குள் எந்தக் காளை பொலிகாளையாக நிற்க வேண்டும், எந்தக் கன்றை விற்க வேண்டும் என்ற முடிவுகளும் இந்த வாழ்க்கைமுறைக்கு ஏற்பவே எடுக்கப்பட்டன. இம்மாட்டின் வேகமும் மிரட்சியும் தாங்குதிறனும் அந்தத் தேர்வின் விளைவுகள்.

அதாவது, புலிக்குளம் மாட்டைக் கிடைதான் உருவாக்கியது. 'பிரீட்' என்ற சொல்லின் இரண்டாம் பொருளாகிய வளர்ப்பு, மூன்றாம் பொருளாகிய வகையை ஆக்கியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு தரும் வரையறையும் இதற்கு இடம் தருகிறது. புறத்தோற்றத்தால் பிரித்தறியத்தக்க தொகுதியும் இனமே. நிலத்தாலோ பண்பாட்டாலோ பிரிந்து தனி அடையாளம் பெற்ற தொகுதியும் இனமே என்கிறது அது.

தமிழில் 'நாட்டு மாட்டினத்தைக் காப்போம்' என்னும்போது கேட்பவர் மனத்தில் எழுவது பெரும்பாலும் இரத்தத் தூய்மை. நல்ல காளையின் விந்தை உறைநிலையில் சேமித்தால் இனம் காக்கப்பட்டுவிடும் என்ற எண்ணம் அதிலிருந்தே வருகிறது. அது தேவையான பணிதான். ஆனால் தரிசு குறைந்து, ரசாயன உரம் பெருகி, கிடை போட அழைக்கும் வயற்காரர் அருகும்போது மந்தை கலைகிறது. காட்டு மேய்ச்சலும் சுருங்கிவருகிறது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தமிழக வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என வரையறுத்தது. காட்டைக் காப்பதற்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் மந்தை எங்கே மேயும் என்ற கேள்வி 'இனப் பாதுகாப்பு' என்னும் தலைப்பின்கீழ்ப் பேசப்படுவதே அரிது. இனம் என்றால் இரத்தம் என்று பழகிவிட்ட காதுக்கு மேய்ச்சல் நிலம் இனத்தின் பகுதியாகக் கேட்பதில்லை.

சட்டங்களின் மொழி

ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கத்திலும் போராட்டங்கள் எழுந்தன. தொடர்ந்து தமிழ்நாடு அரசு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது. பண்பாட்டு மரபைக் காப்பதும் நாட்டு மாட்டினக் காளைகளின் நிலைபேற்றையும் நலனையும் உறுதிசெய்வதும் அத்திருத்தத்தின் நோக்கங்களாகக் கூறப்பட்டன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது.

அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் காளை ஓடுவதற்கும் இனம் நிலைப்பதற்கும் என்ன தொடர்பு என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். இனம் என்பதை இரத்தம் என்று மட்டும் கொண்டால் இக்கேள்விக்கு விடை கடினம். விளையாட்டு இரத்தத்தை மாற்றுவதில்லை. இனம் என்பது வளர்ப்பும் சேர்ந்தது என்று கொண்டால் விடை உண்டு. உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக்கன்றை வளர்க்க ஒரு காரணம் தேவை. ஜல்லிக்கட்டு அந்தக் காரணத்தைத் தருகிறது. அதேசமயம் அது போதுமான விடையும் அன்று. வாடிவாசலுக்குக் காளை போதும், பசு தேவையில்லை. கொட்டிலில் கட்டி, தீவனம் போட்டு, பயிற்சி கொடுத்து வளர்க்கப்படும் ஒற்றைக் காளை கிடை மந்தைக்கு மாற்றாகாது. 2024 ஜனவரியில் கீழக்கரையில் பெரிய ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. அரங்கம் விளையாட்டைக் காக்கும். மந்தையைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

2019இல் தமிழ்நாட்டில் மாடுகளின் இனப்பெருக்கத்தை முறைப்படுத்தத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இனவிருத்திக்குப் பயன்படும் காளைகளுக்கும் விந்து நிலையங்களுக்கும் பதிவும் சான்றும் வேண்டும் என்பது அதன் மையக்கருத்து. ஊர்ப் பொதுவில் திரியும் கோயில் காளை நெடுங்காலமாகப் பொலிகாளையாகவும் இருந்துவந்தது. அதற்கு யார் சான்று பெறுவது என்பது நியாயமான ஐயம்; இத்தகைய ஐயங்களை நாட்டுமாட்டு ஆர்வலர்கள் அப்போது எழுப்பினர். சான்றின் பின்னே நிற்பது பதிவேட்டு மரபின் 'பிரீட்'; கோயில் காளையின் பின்னே நிற்பது ஊர் மந்தையின் 'இனம்'.

மனிதர்மேல் படும்போது

பிறப்பையும் வளர்ப்பையும் ஒன்றாகக் கட்டும் சொல் மாட்டைவிட்டு மனிதரிடம் வரும்போது ஆபத்து கூடுகிறது. நல்ல 'பிரீடிங்' என்பதை 'நற்குடிப்பிறப்பு' என்றும் பெயர்க்கலாம். 'நல்ல வளர்ப்பு' என்றும் பெயர்க்கலாம். முதலாவது ஒருவரின் தகுதியைப் பிறப்பில் வைக்கிறது. இரண்டாவது வீட்டிலும் பள்ளியிலும் வைக்கிறது. தமிழ்ப் பழமொழிகளிலும் இவ்விரு பக்கமும் உண்டு. 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' பிறப்பைச் சொல்கிறது. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' வளர்ப்பைச் சொல்கிறது.

மதுரை மாவட்டம் இந்த வேறுபாட்டுக்குக் கொடுத்த விலை பெரிது. 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த ஆங்கிலேயச் சட்டம் ஒன்று 1911இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் இருக்கும் சொல் 'டிரைப்', அதாவது குடி. தமிழில் அது 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்று வழங்கியது. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் இது பிழை. பொருளாகப் பார்த்தால் மூலத்தைவிடத் துல்லியம். ஒருவர் என்ன செய்தார் என்பதைவிட யாருக்குப் பிறந்தார் என்பதையே அச்சட்டம் பார்த்தது. 'பரம்பரை' என்ற சொல் அதை மறைக்காமல் சொல்லிவிட்டது. கைரேகை பதிய வேண்டியிருந்ததால் மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றும் அழைத்தனர்.

பிரமலைக் கள்ளர் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒரு பெண் உட்படப் பலர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பிறப்பே குற்றத்துக்குக் காரணம் என்று சட்டம் எழுதிய அதே அரசு, அதே ஆண்டுகளில் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளையும் திறந்தது. பள்ளி என்பது வளர்ப்பை நம்பும் நிறுவனம். பிறப்பால் எல்லாம் முடிந்துவிட்டது என்றால் பள்ளிக்கு வேலை இல்லை. அப்பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன.

நல்ல நிகர்கள்

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இந்தச் சொல்லிடம் எப்போதும் தோற்றதில்லை. கல்பாக்கத்து அணு உலைக்கு வழங்கும் 'ஈனுலை' சிறந்த எடுத்துக்காட்டு. எரிப்பதைவிட அதிக எரிபொருளைத் தோற்றுவிக்கும் உலை அது. 'இனப்பெருக்க உலை' என்று எழுதாமல் ஈனுதல் என்ற வினையைத் தேர்ந்ததால் சொல் குறுகியது, பொருளும் விளங்கியது.

விதைத்துறையில் 'பிரீடர்' விதை 'வல்லுநர் விதை' எனப்படுகிறது. ரகத்தை உருவாக்கிய வல்லுநரின் மேற்பார்வையில் பெருக்கப்படும் விதை என்பதால் இது பொருத்தமே. மஞ்சள் அட்டை கட்டிய இவ்விதையிலிருந்து ஆதார விதையும், அதிலிருந்து சான்று விதையும் வருகின்றன. உலைக்கு ஈனுதல், விதைக்கு வல்லுநர், மாட்டுக்கு வளர்ப்பவர் என ஒரே ஆங்கிலச் சொல் மூன்று தமிழ்ச் சொற்களாகப் பிரிவது குறையன்று. அவை மூன்றும் வேறு வேறு செயல்கள்.

மாறாக, தேங்கிய நீரைப் பற்றிய அறிவிப்புகளில் வரும் 'கொசு உற்பத்தி' ஆலைப் பொருளை நினைவூட்டுகிறது. 'கொசு முட்டையிடும் இடம்' என்றால் எதை அகற்ற வேண்டும் என்பது படிப்பவருக்கு உடனே தெரியும்.

மதிப்பீடு

கலைச்சொல் ஒன்றாக இருந்தால்தான் மாணவருக்குக் குழப்பம் இராது என்பது 'இனம்', 'இனப்பெருக்கம்' ஆகியவற்றை ஆதரிப்போரின் வாதம். உயிரியல் பாடத்துக்குள் இது சரியே. தவளையும் தாவரமும் தம்மைப் போன்ற உயிரைத் தோற்றுவிப்பதற்கு 'இனப்பெருக்கம்' நல்ல சொல். பாடத்துக்கு வெளியே அதே சொல்லைக் கொண்டுசென்றால்தான் சிக்கல். எழுதுவோர் முதலில் மூன்று பொருள்களில் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செயல் பிறப்பித்தலானால் ஈனுதல், குஞ்சு பொரித்தல், சினைப்படுத்தல் என்று எழுதலாம். பேணி உருவாக்குதலானால் வளர்த்தல், பயிரில் ரகம் உருவாக்குதல் என்று எழுதலாம். தொகுதியானால் மாட்டுக்கு இனம், நெல்லுக்கு ரகம், மனிதரின் நடத்தைக்கு வளர்ப்பு என்று பிரிக்கலாம். மாட்டினம் என்று எழுதும் இடத்தில் அது வாழும் நிலத்தையும் வளர்க்கும் முறையையும் சேர்த்தே எழுதுவது நல்லது. 'புலிக்குளம் இனக் காளைகள்' என்று மட்டும் எழுதும் செய்தியைவிட, 'கிடையில் வளரும் புலிக்குளம் மாடுகள்' என்று எழுதும் செய்தி அந்த மாட்டைப் பற்றி அதிகம் சொல்கிறது. அது காக்கப்பட வேண்டுமானால் எது காக்கப்பட வேண்டும் என்பதையும் சொல்கிறது.